உவர்நீர் ஏன் எளிதில் உலர்வதில்லை?

உலைநீரில் உப்பிட்டால் விரைவில் கொதிக்கும் என்று நம்புவோர் நம் நாட்டில் இன்றும் உளர். உண்மையோ நேர்மாறானது! கொதிக்கும் தறுவாயில் உப்பைத் தூவியதும் குமிழிகள் பொங்கியெழுவது கண்ணை ஏமாற்றிவிடுகிறது போலும்.

ஒரு கிலோகிராம் நீரில் 58.5 கிராம் உப்பைக் கரைத்தால் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியசு உயரும். 342 கிராம் சருக்கரையைக் கரைத்தாலோ உயர்வு அரைப் பாகையளவே. எடையிற் சிறிய உப்பு இருமடங்கு உயர்த்துவது எங்ஙனம்? இங்கு எடை கணக்கன்று. கரைந்து நிற்கும் துகள்களின் எண்ணிக்கையே கணக்கு. உப்பு நீரில் இருவகை மின்னேற்றத் துகள்களாகப் பிரிகிறது. சருக்கரை அவ்வாறு பிரிவதில்லை. கரைபொருள் இடையே நிற்பதால், மேற்பரப்பை விட்டு வெளியேறும் நீர்க்கூறுகள் குறைகின்றன, ஆவியழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்த ஆவியழுத்தம் காற்றழுத்தத்தை எட்டினாலன்றிக் கொதிப்பில்லை. அதற்கு மிகுவெப்பம் வேண்டும். இவ்வாவியழுத்தத் தாழ்வை 1880களில் அளந்து விதி வகுத்தவர் பிரெஞ்சு வேதியலறிஞர் இரவூல்.

கரைசல், கரைபொருள், ஆவியழுத்தம், கொதிநிலை! இச்சொற்களில் எது விளங்காது? ஆயினும் திருக்கடையூர்ச் சிறுவன், கிழக்கே கடலை வைத்துக்கொண்டு, இப்பாடத்தை அயன்மொழி வாய்பாடாக நெட்டுருச் செய்வானாயின் அக்குறை அவனுடையதன்று. கண்ணாடிக் குடுவையை அவன் பின்னர்க் காணட்டும். முதலில் அவனைத் தெற்கே, 1930-இல் உப்புப் போர் நிகழ்ந்த திருமறைக்காட்டு அளங்களுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

கடல்நீரின் ஆவியழுத்தம் தூயநீரினதைவிட ஏறத்தாழ 2 விழுக்காடே குறைவு. ஆகவே பாத்தியில் அது தொடக்கத்தில் விரைந்து வற்றும். உப்பு பூக்கும் நிலைக்கு முற்றிய உவர்நீரிலோ இக்குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்துவிட்டால், எத்துணைக் காற்று வீசினும் நிழலில் அந்நீர் வற்றாது. வாரிக் குவித்த உப்பும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். மகனீசிய உப்புகள் கலந்திருப்பின் அதற்கு முன்னரே கசியத் தொடங்கும். ஐப்பசியில் அடுக்களை உப்புச்சாடி நீர்கோத்து நிற்பதும் இவ்விதியாலேயே.

கருப்பஞ்சாறு காய்ச்சும் கொட்டிலிலும் இதுவே நிகழ்கிறது. நீர் குறையக் குறையச் சாற்றின் கொதிநிலை ஏறுகிறது. ஏறத்தாழ 118 பாகையை அண்டியதும் பாகை இறக்குகின்றனர். வெப்பமானி இன்றியே, ஒரு துளிப் பாகைக் குளிர்நீரிலிட்டு விரலால் உருட்டிப் பதம் அறிகின்றனர். அவர்களைக் கல்லாதவர் என்று பள்ளி ஏடு எண்ணுமாயின், திருத்தவேண்டியது ஏட்டை.