பக்கத்து வீட்டு ஜன்னல்: சட்டம் சொல்வது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மாடியில் ஒருவர் புது ஜன்னல் வைத்தால், அடுத்த வீட்டுப் பெண்கள் பின்கட்டில் நின்று தலை துவட்டக்கூட முடியாது. சண்டை மூளுகிறது.

ஜன்னலை அடைக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாமா? அதைத் தடுக்கும் வழக்கம் அந்த ஊரில் இருப்பதாக நிரூபித்தால் போகலாம் என்கிறது 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம். 1888-ல் அலகாபாத் ஐகோர்ட்டு அத்தகைய வழக்கத்தை ஒப்புக்கொண்டது. சென்னை ஐகோர்ட்டோ 1890-களில், எட்டிப் பார்க்க முடிகிறது என்பதற்காக மட்டும் ஜன்னலை அடைக்கச் சொல்ல முடியாது என்று கூறிவிட்டது.

வேறு வழி? கட்டட விதிக்கு உட்பட்டு, சொந்த மனையில் மறைப்புச் சுவர் எழுப்பலாம். ஆனால் 20 ஆண்டு தடையில்லாமல் அந்த ஜன்னலுக்குக் காற்றும் வெளிச்சமும் போயிருந்தால், அதை அடியோடு மறைக்க முடியாது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பொறுத்துப் போன நல்லவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்.