பேரணிக்கு மட்டும் மாணவர்களா?

மாண்பமை துணைவேந்தர் அவர்களின் மேலான பார்வைக்கு,

நோய் ஒழிப்பு இயக்கங்களில் மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஒதுக்கப்படும் வேலை, நடப்பது. இந்தியாவில் அதற்கு ஓர் அமைப்பே இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் அது. ரத்த தானம், கண் தானம், டெங்கு, எய்ட்ஸ், புகையிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேரணி. காசநோய்க்கு உரியது மார்ச் 24. 1882-இல் அந்தத் தேதியில்தான் ராபர்ட் காக், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார்.

தமிழ்நாட்டில் அந்தப் பேரணி எந்த ஊரில் நடந்தாலும் ஒரே மாதிரிதான். மாணவர்களைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். கொடியசைப்பவர் ஒன்பதரைக்கு வருவார். வெள்ளை டி-ஷர்ட்டுகள் எல்லாம் ஒரே அளவில் வந்திருக்கும்; ஒல்லியான பிள்ளைகளுக்கு முட்டி வரை தொங்கும். முன்வரிசையில் பேனர், பின்னால் முழக்கம், முடிவில் மோர் பாக்கெட், வருகைப் பதிவு, பத்திரிகைக்கு ஒரு படம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற ஒரு வரி, தெருவில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழுந்தாலும் லாபமே.

ஆனால் மாணவர்கள் நோய்க்கு எதிராகச் செய்தவற்றில் பெரியவை பேரணியில் நடக்கவில்லை. 2001-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது அதற்குச் சான்று. ஸ்டாவுடின் என்ற மருந்து எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்வதை அங்கே வில்லியம் புரூசாஃப், தாய்-ஷுன் லின் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்திருந்தார்கள். காப்புரிமை பல்கலைக்கழகத்தின் கையில். விற்கும் உரிமை பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்தின் கையில். உரிமத் தொகையாக ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி டாலர் யேலுக்கு வந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் எய்ட்ஸால் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அங்கே மலிவு விலை மருந்தை இறக்குமதி செய்ய அனுமதிக்கும்படி ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு யேலுக்கு எழுதியது. உரிமத்தை ஏற்கெனவே நிறுவனத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, முடிவு தங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது.

சட்டப் படிப்பில் முதலாண்டு மாணவியாக இருந்த ஏமி கப்சின்ஸ்கியும் நண்பர்களும் அந்தப் பதிலை ஏற்கவில்லை. ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று கையெழுத்துத் திரட்டினார்கள். மருந்தைக் கண்டறிந்த புரூசாஃபிடமே போனார்கள். அப்போது 80 வயதான அவர், தம் மருந்து ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் வெளிப்படையாகவே சொன்னார். அந்த மார்ச் மாதத்திலேயே, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்றும், நாளொன்றுக்கு 15 சென்டுக்கு மருந்தைத் தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. மாணவர்கள் மட்டுமே சாதித்ததல்ல அது. முந்தைய மாதம்தான் மும்பையின் சிப்ளா நிறுவனம், ஸ்டாவுடினும் அடங்கிய முக்கூட்டு மருந்தை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்து உலகச் சந்தையையே கலக்கியிருந்தது. ஆயினும் யேல் மாணவர்கள் செய்ததில் ஒரு செய்தி உண்டு. ஆப்பிரிக்காவின் துயரத்துக்காக அவர்கள் ஆப்பிரிக்காவைப் பார்த்து முழக்கமிடவில்லை. தங்கள் நிர்வாகத்தின் கதவைத் தட்டினார்கள். அதற்காக அவர்களை யாரும் விடுதியை விட்டு வெளியேற்றவில்லை.

காசநோயிலும் இப்படி நடந்திருக்கிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மாத்திரையின் காப்புரிமையை இந்தியாவில் மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றபோது, எதிர்த்து மனுக் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் இளம் வயதில் காசநோய் கண்டு, பழைய மருந்துகளின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோயை ஒழிக்கும் இயக்கத்துக்கு நோய் கண்டு மீண்டவரே முதல் ஆள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

உலகில் 2023-இல் 1.08 கோடிப் பேருக்குக் காசநோய் கண்டது; 12.5 லட்சம் பேர் இறந்தனர். நோயாளிகளில் கால் பங்குக்குச் சற்று மேல் இந்தியர். கிருமி காற்றில் பரவுகிறது. ஆனால் யாரிடம் அது நோயாக முற்றுகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலிய உணவுப் பொருள்கள் கொடுத்ததில், அவர்களிடையே புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசிக்கு நிகரான பலனை மளிகைப் பை தந்திருக்கிறது. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென்று அரசு தரும் மாதத் தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனதும் இந்தக் காரணத்தால்தான். ஏழை மாணவருக்கு விடுதி என்பது படுக்கையைவிட முக்கியமாக மூன்று வேளைச் சோறு.

இதையெல்லாம் துணைவேந்தர் அவர்கள் அறிவார். விதிகளையும் அறிவார். ஆகவே விதி எண்களை விட்டுவிட்டு ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்வது போதும். பல்கலைக்கழகத்தின் பெயரும் மாணவரின் பெயரும் இங்கே எழுதப்படவில்லை. எழுதினால் அந்த மாணவருக்குத்தான் தொல்லை. துணைவேந்தர் அவர்களுக்கு இரண்டும் தெரியும்.

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு இருமல் நிற்கவில்லை. பேரணியில் சொல்லிக் கொடுத்தபடியே அவர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளி கொடுத்தார். கிருமி இருந்தது, மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான். ஆறு மாதச் சிகிச்சை அன்றே தொடங்கியது. தொடக்க வாரங்களில் முகக்கவசம் போட்டுக்கொண்டு தனி அறையில் இருந்தால் போதும், விடுதியில் தொடரலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாணவர் அந்தச் சீட்டை ஒளிக்கவில்லை. நேரே விடுதிக் காப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று மாலையே அவருடைய டிரங்குப் பெட்டி வராந்தாவுக்கு வந்துவிட்டது. ‘சக மாணவர்களின் நலன் கருதி’ உடனே அறையைக் காலி செய்யும்படி ஆணை. மெஸ்ஸின் பின்புறம் அவருடைய மெத்தையையும் போர்வையையும் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். காசநோய் மெத்தையில் பரவுவதில்லை. தட்டிலும் பரவுவதில்லை, ஆனாலும் தட்டும் குப்பைக்குப் போனது. மெஸ் முன்பணத்தில், அறையைச் சுத்தம் செய்த செலவைக் கழித்துக்கொண்டார்கள்.

சக மாணவர்களின் நலனைக் கருதிய நிர்வாகம், அதே அறையில் அவரோடு படுத்துறங்கிய மூன்று பேரைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. தொற்றைப் பற்றிய பயம் உண்மையானது என்றால் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியது அவர்களுக்கு. நலப்பணித் திட்ட மாணவர்களே அந்த மூவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். மூவருக்கும் நோய் இல்லை என்று உறுதியானது. தடுப்பு மருந்தும் தொடங்கியது. நோய் ஒழிப்பில் மாணவர் பங்கேற்பு என்றால் அதுதான். அதற்கு யாரும் கொடியசைக்கவில்லை, படமும் எடுக்கவில்லை.

வெளியேற்றப்பட்டவர் போன வீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதில் ஒரு பாட்டி, அக்காள், அக்காளின் சிறு குழந்தைகள் இருவர். காற்றோட்டமுள்ள விடுதியில் தனி அறை ஒதுக்க முடியாத பல்கலைக்கழகம், சிகிச்சையின் தொடக்க வாரத்தில் அவரை ஒரு கிழவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே படுக்க அனுப்பியது. மூன்று வேளைச் சோறு இரண்டாயிற்று. வருகைப் பதிவு குறைந்தது. அதைக் காட்டியே தேர்வு எழுதவும் அனுமதி மறுக்கப்பட்டது. விடுதியைப் பூட்டியவர்களே வராததற்குத் தண்டனையும் கொடுத்தார்கள்.

நோயாளியை ஊரிலிருந்து பெயர்த்து ஒதுக்கி வைப்பது ஒரு காலத்தில் வழக்கமாகத்தான் இருந்தது. 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரிலேயே இன்றும் நிற்கிறது. அந்த வழக்கத்தை முடித்துவைத்தது வெளிநாடு அல்ல, சென்னை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருந்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்களோடு அவர்களை ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அதற்கும் மேலாக, ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. முறையாக மருந்து எடுப்பவரிடம் தொற்றும் தன்மை விரைவில் அடங்கிவிடுகிறது என்பதே காரணம். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அந்த முடிவு வழிவகுத்தது. ‘வீட்டிலேயே குணமாகலாம் என்பதால்தானே வீட்டுக்கு அனுப்பினோம்’ என்று அலுவலகம் இப்போது சாமர்த்தியமாகப் பதில் சொல்லக்கூடும். நோயாளியை அவர் வாழும் இடத்திலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். விடுதி மாணவர் வாழும் இடம் விடுதி.

இதையெல்லாம் மாணவர்கள் மனுவாக எழுதிக் கொடுத்தார்கள், மருத்துவரின் சீட்டு நகலோடு. ‘உரிய வழியாக அனுப்பவும்’ என்று மனு திரும்பி வந்தது. உரிய வழி என்பது விடுதிக் காப்பாளர் வழி. அதாவது வெளியேற்றியவர் பரிந்துரைத்தால் வெளியேற்றம் பரிசீலிக்கப்படும். குறைதீர்ப்புப் பிரிவில் போட்ட மனுவுக்கு நேரே ‘தீர்வு காணப்பட்டது’ என்று குறித்திருக்கிறார்கள். யாருக்குத் தீர்வு என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்த மனுவுக்குப் பதில் எழுத நேரம் கிடைக்காத துணைவேந்தர் அலுவலகத்துக்கு, சுற்றறிக்கை அனுப்ப மட்டும் நேரம் கிடைத்தது. உலகக் காசநோய் நாள் பேரணிக்குத் துறைக்கு ஐம்பது மாணவர் வர வேண்டும், வருகை கட்டாயம், தட்டிகளில் எழுத வேண்டிய வாசகங்கள் இணைப்பில். இணைப்பின் மூன்றாம் வாசகம், காசநோயாளிகளை ஒதுக்காதீர் என்பது. அதை எந்த மாணவர் தூக்கிப் பிடிப்பது என்றும் சுற்றறிக்கையிலேயே குறிப்பிட்டிருக்கலாம். காப்பாளரே பிடித்தால் பொருத்தமாக இருக்கும்.

விடுதியில் இப்போது இன்னொரு மாணவர் இருமுகிறார். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு, இரவில் தலையணையில் வாயைப் பொத்திக்கொள்கிறார். பரிசோதனைக்கு வரச் சொன்னால் சிரித்து மழுப்புகிறார். மெத்தை எரிந்ததை அவரும் மாடியிலிருந்து பார்த்தவர். பேரணியின் முழக்கம் எட்டாத அறைகளுக்கெல்லாம் அந்தப் புகை எட்டியிருக்கிறது. கிருமிக்கு இதைவிட நல்ல பாதுகாப்பை எந்த நிர்வாகமும் செய்து கொடுத்ததில்லை.

கேட்பது பெரிய காரியம் அல்ல. வெளியேற்றும் ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வு எழுத விட வேண்டும். மெஸ் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். எரித்த மெத்தைக்கும் விலை உண்டு. இருமும் மாணவர் எவரும் பரிசோதனைக்குப் போனதற்காக அறையை இழக்கமாட்டார் என்று துணைவேந்தர் கையெழுத்திட்ட ஒரு வரியை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். அது முடியாது என்றால், மார்ச் 24 பேரணியையாவது ரத்து செய்துவிடலாம். பிள்ளைகளுக்கு வெயிலாவது மிச்சமாகும்.