பட்டமும் உத்தியோகமும்: பழி யாருக்குரியது?

கலைப்பீடப் பட்டதாரி ஒருவர் தொழிலின்றி இருப்பாராயின் அதற்கு அவரே காரணம் என்னும் கருத்து இந்நாட்டிற் பெருவழக்குப் பெற்று வருகின்றது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கணினி தெரியாது, சந்தைக்கு உதவாத பாடங்களைக் கற்றார், ஆகவே நல்ல சம்பளம் அவருக்கு எட்டாது என்பர். அரசியல்வாதிகளும் வர்த்தகத் துறையினரும் மட்டுமன்றி, விரிவுரையாளர் சிலருங்கூட இதனை ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக எடுத்துரைப்பதுண்டு. பட்டம் இன்னும் ஊதியமிக்க தொழிலைப் பெற்றுத் தருகின்றதா என்ற வினாவுக்கு இவர்கள் கண்ட விடை இதுவே. இவ்விடை பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதனாலேயே முழுப் பொய்யினும் தீங்கு மிக்கது.

பட்டத்துக்கு விலை எவ்வாறு வந்தது என்பதை முதலில் நோக்குதல் தகும். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் பழமொழி. இதனை உத்தியோக மோகம் என்று நகையாடுவோர் அதன் பொருளாதார அடிப்படையை மறந்துவிடுகின்றனர். ஆறுகளற்ற, நிலவளம் குன்றிய குடாநாட்டில், 1823 ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி தொடக்கம் எழுந்த ஆங்கிலக் கல்வி நிலையங்கள் குடியேற்ற ஆட்சிக்கு வேண்டிய எழுதுவினைஞரை உருவாக்கின. கொழும்புக் கந்தோர்களும் மலாயாவின் அரச பகுதிகளும் அவர்களை ஏற்றுக்கொண்டன. அங்கிருந்து வந்த பணத்தால் ஊரில் கல்வீடுகள் எழுந்தன; மணச்சந்தையில் உத்தியோகத்தனின் சீதனம் உயர்ந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அம்மரபின் உச்சிப்படியாகவே பட்டம் கருதப்பட்டது. அன்று பட்டதாரிகள் மிகச் சிலர்; அரச சேவையோ விரிந்துகொண்டிருந்தது. எனவே பட்டத்துக்குக் கிடைத்த விலை பெரும்பாலும் அறிவின் விலையன்று, அருமையின் விலையே.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960 அளவில் கலைத்துறையின் வாயில் தாய்மொழியிற் கற்றோருக்கும் திறந்தது. உழவரதும் தொழிலாளரதும் பிள்ளைகள் அதன்பின்னரே பெருந்தொகையாக உள்ளே வந்தனர். இது மகத்தான சனநாயக வெற்றி. ஆயின் பள்ளிக்கூடம் பெருகிய வேகத்திற் பொருளாதாரம் வளரவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை ஏற்றுமதி செய்து உணவையும் உடையையும் இறக்குமதி செய்த அமைப்பு, எழுதுவினைஞரைக் கேட்டதேயன்றி ஆயிரக்கணக்கான சிந்தனையாளரைக் கேட்கவில்லை. 1971 இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் தாபனக் குழு, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலான இடைவெளியைத் தன் ஆய்வின் மையமாக்கியது. அதே ஆண்டு ஏப்பிரலில் தென்னிலங்கையின் படித்த கிராமப்புற இளைஞர் ஆயுதமேந்தினர். 1976 இல் றொனால்ட் டோர் 'பட்ட நோய்' பற்றி நூலெழுதியபோது இலங்கையும் அவருடைய சான்றுகளுள் ஒன்றாயிற்று. தொழில்கள் குறைய, அதே தொழிலுக்குக் கேட்கப்படும் தராதரம் மட்டும் உயர்ந்துகொண்டே போகும் என்பது அவர் காட்டிய இயக்கம். முன்னர் சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பத்திரத்துடன் செய்யக்கூடியதாயிருந்த வேலையைப் பின்னர் பட்டதாரி செய்கின்றார். வேலை உயரவில்லை, வாயிற்படி மட்டுமே உயர்ந்தது.

தமிழ் மாணவருக்கு இவ்வாயில் இருபுறமும் ஒடுங்கியது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அரச சேவையின் கதவைச் சாத்தியது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழகத்தின் கதவை நெருக்கியது. அதன் விளைவுகளைப் பல தசாப்தங்கள் குருதியிற் கண்டன. படித்தவனின் தொழில் என்பது வயிற்றுப் பிரச்சினை மட்டுமன்று என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி இன்றைய நிலை. நாட்டின் தொழிற்படை மதிப்பீடுகள் மீண்டும் மீண்டும் காட்டுவது ஒன்றே: க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையே வேலையின்மை வீதம் ஏனையோரிலும் கூடியது; பெண்களிடையே ஆண்களிலும் கூடியது. கலைப்பீடங்களிற் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதை இதனுடன் சேர்த்து எண்ணுக. 2017 இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டதாரிகள் மாதக் கணக்கில் வீதியோரத்திற் சத்தியாக்கிரகம் இருந்தனர். 2020 இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் வந்தது. மாதப் படி 20,000 ரூபா. இதனைத் தொழில் என்பதா, தேர்தற்காலக் கொடை என்பதா? திட்டமிட்ட பணியின்றி அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டோர் பலர். 2022 இல் நாடு கடனை அடைக்க இயலாது வீழ்ந்தபின் அக்கொடைக்கும் வழி அடைபட்டது. ஆக, பட்டம் பெற்ற உடன் நல்ல சம்பளம் என்னும் உறுதி கலைப்பட்டதாரிக்கு இன்றில்லை. இதை மறைப்பது மாணவரை ஏமாற்றுவதாகும்.

ஆனால் இதற்குப் பழி கலைப்பாடங்களின் மீதா? விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் கற்றோர் 2022 இன் பின் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டு ஏகினரே. அவர்கள் கற்றது சந்தைக்கு உதவாத பாடமா? அவர்கள் அறிவுக்கேற்ற ஊதியத்தை வழங்க இப்பொருளாதாரத்தால் இயலவில்லை என்பதே அதன் பொருள். கலைப்பட்டதாரிகள் அனைவரும் நாளையே ஆங்கிலமும் கணினியும் கற்றுத் தேறினும், உள்ள இடங்கள் அதனால் மட்டும் பல்கிப் பெருகிவிடா. வரிசையில் நிற்போரின் ஒழுங்கு மாறும், வரிசை குறுகாது. இரண்டாம் மொழி கற்பது அவசியம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருத்தலாகாது. அதனை வேலையின்மைக்கு மருந்தெனப் பகர்வதே மறுக்கப்பட வேண்டியது.

மேலும், கலைப்பட்டதாரிக்கு வேலையே இல்லை என்பதும் முழுமையாக மெய்யன்று. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. எனினும் இன்றும் பொலிஸ் நிலையத்தில் தன் முறைப்பாடு எம்மொழியில் எழுதப்பட்டதென அறியாது கையொப்பமிடும் தமிழர் உளர். மருத்துவமனையில் நோயைச் சொல்ல மொழியின்றித் தவிக்கும் மலையகத் தாய்மார் உளர். மொழிபெயர்ப்பாளர் போதாமையாற் கடிதங்கள் தேங்குகின்றன. சட்டப்புத்தகத்தில் உள்ளதை நிறைவேற்றினாலே இருமொழி வல்ல கலைப்பட்டதாரிகளுக்கு எத்துணைப் பணி உண்டு! சமூகத்துக்கு வேலை தேவைப்படுகின்றது. வேலைக்கு ஆள் இருக்கின்றார். இடையில் நிற்பது அரசின் விருப்பின்மை. இதனைச் சந்தை என்று பெயரிட்டு அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

பல்கலைக்கழகமும் பட்டதாரியும் குற்றமற்றோர் என்பது இதன் கருத்தன்று. ஆண்டாண்டாகப் பழுப்பேறிய குறிப்புகளை வாசித்து எழுதச் செய்து, அவற்றையே பரீட்சையில் திருப்பிக் கேட்கும் கற்பித்தல், சிந்திக்கும் பட்டதாரியைத் தராது. தமிழ்மூலம் கற்போருக்கு வேண்டிய புதிய நூல்களை எழுதவோ பெயர்க்கவோ முயலாத துறைகள், மாணவரின் வாசிப்புக் குறைவைப் பற்றி முறையிடும் தகுதியை இழக்கின்றன. பட்டதாரியோ அமைச்சரின் வாசலில் மனுவுடன் நிற்கின்றார். நியமனம் கிடைத்த மறுநாளே, பின்னால் வரிசையில் நிற்பவரை மறந்துவிடுகின்றார். நியமனத்தைக் கேட்ட போராட்டங்கள், பணியின் தன்மையையோ பொருளாதாரத்தின் அமைப்பையோ கேள்விக்குட்படுத்தியது அரிது. ஆகையால் அவை கொடையுடன் அடங்கின. கொடை தீர்ந்ததும் மீண்டும் எழுந்தன.

எனவே பட்டம் பணம் தருமா என்ற வினாவை மட்டும் அளவுகோலாகக் கொள்வது, கலைப்பீடங்களை மூடத் துடிப்போரின் கையில் கத்தியைக் கொடுப்பதாகும். அவை மூடப்படின் இழப்பு வசதி படைத்தோருக்கன்று. அவர்தம் பிள்ளைகள் கட்டணம் செலுத்தி வெளியே கற்பர். வன்னியிலும் படுவான்கரையிலும் தோட்ட லயங்களிலும் இருந்து குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வருபவருக்கே கதவு சாத்தப்படும். அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றுமாறும், கற்பித்தலைத் திருத்துமாறும், உற்பத்தியைப் பெருக்கும் பொருளாதாரத்தை அமைக்குமாறும் மாணவர் ஒருங்கே கோருதல் வேண்டும். முதற் கோரிக்கை அரசுக்கு, இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கு, மூன்றாவது இருவருக்கும், மாணவருக்குமே. பட்டத்தைப் பிச்சைப் பாத்திரமாக ஏந்துவோருக்கு 20,000 ரூபாவே கிடைக்கும். அதனை உரிமைக் குரலாக மாற்றுவோரே பின்வருவோருக்கும் வழி திறப்பர்.