பிளேடு சொல்லும் பாடம்

சிறு உற்பத்தியாளர்களைச் சட்டத்தால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா? காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களை முன்னிட்டு அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு, சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் சவரப் பிளேடின் வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் தொடங்கிய நிறுவனம், விற்பனையின் முதல் ஆண்டான 1903-இல் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டே கருவிகளின் விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. 1904-இல் பெற்ற காப்புரிமை 1921-இல் காலாவதியானதும், அதே வடிவப் பிளேடை எவரும் தயாரிக்கும் நிலை உருவானது. ஆயினும், போட்டியாளர்களில் பலர் விலையைக் குறைத்தார்களே தவிர, பொருளை மேம்படுத்தவில்லை. விதிவிலக்கு, பிரிட்டனில் வாள் செய்துவந்த வில்கின்சன் ஸ்வோர்ட். துருப்பிடிக்காத எஃகில் அது 1962-இல் கொண்டுவந்த பிளேடு, பலமுறை சவரத்துக்குத் தாக்குப்பிடித்தது. அதன் முன் ஜில்லெட்டே தடுமாறியது.

இந்தியாவில் கதை வேறு. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் அரணாக நிற்க, மல்ஹோத்ரா குடும்ப நிறுவனங்கள் டோபாஸ் போன்ற பெயர்களில் சந்தையைக் கைக்கொண்டன. 1984-இல் உள்நாட்டுக் கூட்டாளியுடன் ஜில்லெட் நுழைந்தது. 1991-க்குப் பிறகு அரண் தளர்ந்தது. விலை உயர்ந்த பிளேடுகளின் சந்தை பெருமளவில் அதன் வசமானது. பாதுகாப்பு என்பது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

காஞ்சிபுரத்துக்கும் அரண்கள் உண்டு. கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-இல் வந்தது. உச்சநீதிமன்றம் அதை 1993-இல் உறுதிசெய்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும், விசைத்தறியில் நெய்து போலிச் சரிகை சேர்த்த சேலை 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் விற்பனையாவது நிற்கவில்லை.

பிளேடுக்கும் பட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு பிளேடு மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும். அங்கே பெரிய ஆலைக்கே ஆதாயம். உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையின் மதிப்போ, நெய்த கையில் இருக்கிறது. எனவே, சிறியவர் வெல்ல இங்கே வாய்ப்பு அதிகம். ஆனால், அசலையும் போலியையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாத வரை, அந்த வாய்ப்பு ஏட்டளவில்தான் இருக்கும்.

விற்பனைக்கு வரும் சேலையில் சரிகையின் தரத்தை அச்சிடுவது, நெய்தவரின் பெயரைக் குறிப்பது, ஒதுக்கீட்டை மீறும் தறிகள் மீது தயங்காமல் நடவடிக்கை எடுப்பது, விலையில் நெய்தவருக்குரிய கூலியை உயர்த்துவது ஆகியவை உடனடித் தேவைகள். நெசவாளரின் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்க மறுத்துவிட்டால், பிறகு காப்பதற்குச் சட்டம் இருக்கும். காக்கப்பட வேண்டிய தொழில் இருக்காது.