கமராவுக்குக் காது மட்டும் போதுமா?

அம்மம்மா வீட்டு விறாந்தையில் கனடா மாமா கமரா பூட்டிவிட்டவர். ஒருநாள் அம்மம்மா அதைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டியோ?" எண்டு கேட்டா. பதில் இல்லை. மாமாவுக்குக் கேட்கும், திருப்பிக் கதைக்க ஏலாது.

நெட்வொர்க் கமராக்களில் ஒலிக்கு மூன்று முறைகள் உண்டு. சிம்ப்ளெக்ஸில் ஒலி ஒரு பக்கம் மட்டும் போகும். தோட்டத்து மோட்டர் ஓடுதோ எண்டு கேட்க அது போதும். ஹாஃப் டுப்ளெக்ஸ் வோக்கிடோக்கி மாதிரி: ஒராள் கதைக்க மற்றவர் பொறுக்கவேணும். படலையில நிக்கிறவரிட்ட "ஆர்?" எண்டு கேட்க அது காணும். ஃபுல் டுப்ளெக்ஸில் தொலைபேசி போல இரண்டு பேரும் ஒரேநேரம் கதைக்கலாம்.

வயசான ஆக்கள் இருக்கிற வீட்டுக்கு மூன்றாவதுதான் சரி. ஹாஃப் டுப்ளெக்ஸ் எண்டால், மாமா பட்டனை அழுத்திக் கதைக்கிற நேரம் அம்மம்மா இடையில சொல்லுறது அவருக்குக் கேட்காமலே போயிடும். அவ முறை பார்த்துக் கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் ஃபுல் டுப்ளெக்ஸில் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து எதிரொலிக்கும். அதை நீக்கும் வசதி இருக்கோ எண்டு பார்த்து வாங்குங்கோ.

திருப்பிக் கதைக்க வழியில்லையெண்டால் மைக்கை நிப்பாட்டிவிடுங்கோ. பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறதுக்குப் பேர் அக்கறை இல்லை, ஒட்டுக்கேட்கிறது.