ஏசி மாட்டினால் தூக்கம் வந்துவிடுமா?

அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. பிக்கப் வண்டி வாங்குவார்கள். அதன் பின்பக்கத் தொட்டியில் ஒரு குட்டி வீட்டைத் தூக்கி வைப்பார்கள். ஓடும்போது அந்த வீட்டின் கூரை தாழ்ந்து கிடக்கும். நிறுத்தியதும் கூரையை மேலே தள்ளினால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மேலே எழும்பிய பகுதிக்குச் சுவர் மட்டும் வெறும் துணி.

கோடையில் பிரச்சினை இல்லை. பனி விழுந்தால்? அங்கேதான் தொடங்குகிறது அவர்கள் பாடு. துணிச்சுவருக்கு உள்பக்கம் இன்னொரு தடித்த திரை தைக்கிறார்கள். புகையை வெளியே தள்ளும் ஹீட்டர் மாட்டுகிறார்கள். தூங்குகிறவரின் மூச்சே ஈரமாகிச் சுவரில் வழிகிறது என்று காற்றுப்போக்கி வைக்கிறார்கள். எஞ்சின் பேட்டரியைத் தொடக்கூடாது என்று தனி பேட்டரி, மேலே சோலார் தகடு. பன்னிரண்டு மாதமும் அந்த வண்டியில் நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்பதற்காக இத்தனையும்! இவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குக் காட்டுப்பக்கம் போய் வருகிறவர்கள்.

(நம் ஊரிலும் 'கேம்பர்' என்ற பெயரில் ஒரு பொலிரோ வண்டி ஓடுகிறது. இரண்டு வரிசை சீட், பின்னால் சின்னத் தொட்டி. பெயரில் இருக்கும் கேம்ப் வண்டியில் கிடையாது.)

சரி, நம் ஊருக்கு வருவோம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கிளம்பி வெளிவட்டச் சாலைப் பக்கம் ஒரு மே மாத மத்தியானம் போய்ப் பாருங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகிற சாலை அது. ஓரத்தில் வரிசையாக லாரிகள் நிற்கும். நகருக்குள் கனரக வண்டிக்குப் பகலில் தடை நேரம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னருக்கு அங்கே வரிசை நகர வேண்டும். ஆக, இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர் தூங்கக் கிடைக்கிற நேரம் உச்சி வெயில். தூங்கக் கிடைக்கிற இடம் தகரப் பெட்டி. இரண்டு கதவையும் திறந்து போட்டு, கால் ஒரு பக்கம் வெளியே நீண்டிருக்க, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். பின்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் நிழலில் சமையல் நடக்கும்.

இவரும் வண்டியில்தான் குடியிருக்கிறார். வருஷம் முழுக்க. விடுமுறைக்கு அல்ல, பிழைப்புக்கு.

இந்திய வாகன விதிகளில் 'மோட்டார் கேரவன்' என்று ஒரு வகை உண்டு. அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க இடம். அவ்வளவுதான். 2021-ல் கேரளா 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாத் திட்டமே தொடங்கியது. நல்லது, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு லாரிக்கு வாருங்கள். படுக்கிறார். சமைக்கிறார். துணிமணி, அரிசி, மிளகாய்த்தூள், சாமி படம் எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறார். சுற்றிப் பார்க்கப் போகிறவரின் வண்டி சட்டத்துக்கு வீடாகத் தெரிகிறது, மாதத்தில் இருபத்தைந்து நாள் படுத்து எழுகிறவரின் வண்டி சரக்கு வாகனமாக மட்டும் தெரிகிறது. இது என்ன நியாயம்?

"அதான் ஏசி வந்துடுச்சே!" என்பீர்கள். வந்தது உண்மைதான். 43 முதல் 47 டிகிரி வெயிலில் 12, 14 மணி நேரம் டிரைவர்கள் ஓட்டுகிறார்கள் என்று 2023-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். அந்த வருஷம் டிசம்பரில் அறிவிக்கை வந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில், அதாவது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். அப்போது கிளம்பிய முதல் முணுமுணுப்பு என்ன தெரியுமா? "ஏசி போட்டா டிரைவர் தூங்கிடுவான்." அடேங்கப்பா! தன் அறையில் ஏசி ஓடவில்லை என்றால் வேலையே ஓடாது என்கிறவர்கள் சொன்ன தத்துவம் இது. வெக்கையில் வெந்து, தூக்கம் கெட்டு, கண் எரிய ஓட்டுகிறவர்தான் ஸ்டியரிங்கில் சாய்வார் என்பதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆகவே ஏசி விதியை எதிர்ப்பது முட்டாள்தனம். ஆனால் அதோடு கடமை முடிந்தது என்பது அதைவிடப் பெரிய ஏமாற்று. காரணம் எளிது. லாரி ஏசியின் கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் ஏசியும் நின்றது. ஓட்டும்போது குளிரும்; தூங்கும்போது குளிராது!

எஞ்சினை ஓடவிட்டுப் படுக்கலாமே? பி.காம். பையன்கள் கணக்குப் போடுங்கள். நின்ற இடத்தில் மணிக்கு 2 லிட்டர் டீசல் என்று வைப்போம். 6 மணி நேரத் தூக்கத்துக்கு 12 லிட்டர். 2025-ல் சென்னையில் டீசல் விலை லிட்டருக்கு 92 ரூபாய். ஒரு தூக்கத்துக்கு 1,104 ரூபாய். எந்த ஓனர் கொடுப்பார்? ஓனர்கள் பலர் டிரைவரிடம் மைலேஜ் கணக்கு கேட்பார்கள். இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர், மிஞ்சினால் டிரைவர் கையிலிருந்து. அப்படியிருக்க நின்ற வண்டியை விடுங்கள், ஓடுகிற வண்டியிலேயே அவர் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொள்வார். டீசல் கணக்கைத் தொடாமல் ஏசியை மட்டும் மாட்டுவது, சாப்பாட்டுக்குக் காசு கொடுக்காமல் தட்டை மட்டும் பரிசளிக்கிற வேலை.

பேட்டரியில் ஓடும் 'பார்க்கிங் ஏசி' என்ற சாமான் இருக்கிறது. அதையும் கணக்குப் போட்டுவிடுவோம். பெரிய லாரியில் 24 வோல்ட். 120 ஆம்பியர்-மணி என்று வைத்தால் மொத்தம் 2,880 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுசு போய்விடும். மிச்சம் 1,440. ஏசி 600 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம் கூட வராது. அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்ய ஆள் கூப்பிட்டுத் தள்ள முடியுமா, முப்பது டன்னை? தனி லித்தியம் பேட்டரி வைத்தால் நடக்கும். காசு ஆகும்.

இங்கேதான் அந்த அமெரிக்கப் பைத்தியங்களிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. அவர்கள் முதலில் ஹீட்டரில் கை வைப்பதில்லை. முதலில் சுவரைப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில். திசைதான் வேறு.

லாரி கேபினின் கூரை என்பது ஒரு தகடு, அதன் கீழே அலங்கார ரெக்சின். வெயிலில் நின்ற தகட்டில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தக் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட், உள்ளே ஓர் அங்குல ஃபோம், முன் கண்ணாடிக்கு வெள்ளிநிற மடக்குத் திரை. இதற்கு என்ன பெரிய தொழில்நுட்பம் வேண்டும்? அடுத்தது, மேலே தூக்கும் கூரையின் சூட்சுமம். சூடான காற்று மேலே ஏறும். மேலே திறப்பு இருந்தால் போய்விடும். லாரிக் கூரையில் மழை புகாத ஒரு சின்னத் திறப்பு, கொசுவலை, 30 வாட் ஃபேன். 8 மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி. 24 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி, அவ்வளவுதான்! பழைய பேட்டரியே தாங்கும். கூரையில் 200 வாட் சோலார் தகடு ஒன்று வைத்தால் ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் போக மிச்சம் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கும் இதேதான் மருந்து. மழையில் ஜன்னலை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் படுக்கை நனையும், நடுவில் விட்டால் கொசு. கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி அடைத்த கேபினுக்குள் வைத்துத் தூங்குகிறவரின் நுரையீரலை யார் எண்ணுகிறார்கள்?

நம் லாரி நம் ஊரிலேயே சுற்றுவதும் இல்லை. நாமக்கல், சங்ககிரி வண்டி ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டத்தில் நிற்கும். ஒரே கேபின், மே மாதத்தில் ஆந்திராவின் அனல், ஜனவரியில் பஞ்சாபின் விறைப்பு. குளிர் தாங்காமல் உள்ளே கரி அடுப்பு மூட்டிப் படுத்து, காலையில் எழாமலே போனவர்கள் பற்றி வடக்கில் பனிக்காலச் செய்திகள் வருகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூக்கு எச்சரிக்காது. புகையை வெளியே தள்ளும் சின்ன டீசல் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு லிட்டரில் கொஞ்சம்தான் குடிக்கும். பனியில் சுற்றுலா போகிறவர் கட்டாயம் மாட்டும் சாமான் அது. நம் டிரைவருக்கு அதன் பெயரே தெரியாது.

"ஓய்வு விடுதி கட்டுகிறோம், அங்கே போய்ப் படுக்கட்டும்" என்பது அடுத்த பதில். இந்தப் பதிலுக்கு வயது அதிகம். இரவில் தங்க வேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்று 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் ஓனர்கள் நிறைந்த தொழிலில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு ஆயிரம் ஓய்வு மையங்கள் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். வரட்டும், குளிக்கவும் கழிவறைக்கும் அவை கட்டாயம் வேண்டும். ஆனால் படுக்க? பின்னால் இருபது டன் சரக்கு. அசந்தால் தார்ப்பாய்க் கயிற்றை அறுப்பவன் இருக்கிறான், டாங்கில் டியூப் விடுபவன் இருக்கிறான், பேட்டரியையே கழற்றுபவன் இருக்கிறான். முன்பு கிளீனர் கூட வருவார். ஒருவர் தூங்க ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பல வண்டிகளில் டிரைவர் ஒற்றை ஆள். விடுதியில் பஞ்சு மெத்தையே போட்டாலும் அவர் கேபினில்தான் படுப்பார். சரக்குக்குப் பொறுப்பு அவர் தலையில் இருக்கிற வரை இது மாறாது.

சரி, டிரைவரோ ஓனரோ தானே மாற்றிக்கொள்ளலாமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கண்டபடி வெட்டி ஒட்டினால் வண்டி ஆபத்தாகும் என்பது நியாயமான பயம்தான். அப்படியானால் பொறுப்பு யார் பக்கம் போகிறது? திருத்தவே கூடாது என்றால், திருத்தத் தேவையில்லாதபடி கட்டிக் கொடுக்க வேண்டியது தொழிற்சாலை. ஏசி அறிவிக்கை எழுதிய கையே கூரை ஃபோம், காற்றுத் திறப்பு, ஆள் நீளத்துக்குப் படுக்கை, தனி பேட்டரி ஆகியவற்றையும் எழுதலாம். கியர் கம்பிக்கும் எஞ்சின் மேட்டுக்கும் நடுவே முதுகை வளைத்துப் படுக்கிற கேபினோடு தூர ஓட்டத்துக்குப் போகும் வண்டிகள் இன்னும் இருக்கின்றன.

செய்ய ஆள் இல்லையா என்ன? இந்தப் பக்கம் முழுக்க வண்டி கட்டுகிற ஊர். ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிறார்கள். பாடியில் சக்கரம், பிரேக், ஆல்டர்னேட்டர். எண்ணூரில் லாரியே பிறக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த உதிரிப் பாகத்தின் படத்தைக் காட்டினாலும் அடித்துக் கொடுக்க ஒரு பட்டறை கிடைக்கும். கூரையில் ஒரு ஓட்டை போட்டு ஃபேன் வைக்க வெளிநாட்டிலிருந்தா நிபுணர் வர வேண்டும்?

காரணம் வேறு. லாரித் தொழிலின் செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். டீசல், டயர், டோல், இன்சூரன்ஸ், பர்மிட், டிரைவர் பேட்டா, தேய்மானம். வண்டி தேய்வதற்கு ஒரு வரி இருக்கிறது. ஆள் தேய்வதற்கு இல்லை.

எஃப்சிக்கு வண்டி போனால் பிரேக் பார்க்கிறார்கள், விளக்கு பார்க்கிறார்கள், ஒளிரும் ஸ்டிக்கர் கூட விடாமல் பார்க்கிறார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்க்கட்டும். அக்னி நட்சத்திரத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வண்டியை நிறுத்தட்டும். படுக்கையின் மேல் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, என்ன காட்டுகிறதோ அதை ஆர்சி புத்தகத்தில் எழுதட்டும்.