சுவரில் பெயர்ப்பலகை... கையில் காசு இல்லை! கோர்ட்டுக்குப் போய் கூலி வாங்கித் தந்த 'புகழ்' வீரர்

லாஸ் ஏஞ்சல்ஸ்: அமெரிக்க பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. தங்களிடம் படித்து, விளையாடி பெயர் வாங்கிய பழைய மாணவர்களைத் தேர்ந்தெடுத்து 'புகழ் அரங்கம்' என்ற பட்டியலில் சேர்ப்பார்கள். விழா, விருந்து, கைதட்டல், சுவரில் பெயர்ப்பலகை என்று அமர்க்களப்படும். நம்ம ஊர் பொன்னாடை மாதிரிதான்.

ஆனால் இந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு கூலிப் பிரச்சினை பல ஆண்டுகளாக புகைந்து கொண்டிருந்தது. அதை கோர்ட்டுக்கு இழுத்தவரே புகழ் அரங்கத்தில் இடம்பிடித்த ஒருவர்தான். பெயர் எட் ஓபானன்.

30 புள்ளி நாயகன்

லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஓபானன். 1995ல் தேசிய இறுதிப் போட்டியில் அவர் தனி ஆளாக 30 புள்ளிகள் குவித்தார். ஆர்கன்சா அணியை 89-78 என்று வீழ்த்தி கோப்பை வந்தது. அவர் அணிந்த 31ம் எண் பனியனை இனி யாருக்கும் தரமாட்டோம் என்று கவுரவித்தது பல்கலைக்கழகம். புகழ் அரங்கத்திலும் சேர்த்தது.

சம்பளம்? அது மட்டும் இல்லை. கல்லூரி வீரர்கள் அமெச்சூர்கள், எனவே படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு தவிர எதுவும் தரக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டு சங்கத்தின் விதி. அந்த சலுகையும் அப்போது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. காலில் அடிபட்டு உட்கார்ந்தால் அடுத்த வருஷம் நிச்சயமில்லை.

அதே சங்கம் 2010ல் கூடைப்பந்து போட்டியை டி.வி.யில் காட்ட 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. பெரிய பயிற்சியாளர்களின் ஆண்டு சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. வியர்வை சிந்தியவனுக்கு மட்டும் கைதட்டல்!

வீடியோ கேமில் அதிர்ச்சி

தொழில்முறை ஆட்டத்தில் ஓபானன் நீண்ட நாள் நிலைக்கவில்லை. வெளிநாடுகளில் ஆடிவிட்டு, கடைசியில் லாஸ் வேகாஸ் பக்கம் கார் விற்பனை வேலைக்கு வந்தார். ஒருநாள் நண்பர் வீட்டுக்குப் போனபோது அங்கே ஓடிய வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே 31ம் எண், அதே மொட்டைத் தலை, அதே இடது கை ஆட்டம். பெயர் மட்டும் இல்லை. பணமும் ஒரு பைசா வரவில்லை.

2009ல் வழக்கு போட்டார். 2014ல் நீதிபதி கிளாடியா வில்கன், சங்கத்தின் விதி சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். அதன்பிறகு வேறு வீரர்கள் தொடர்ந்த வழக்கில் 2021ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக வீரர்கள் பக்கம் நின்றனர். அதே ஆண்டு ஜூலை முதல், தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வீரர்களுக்கு வழி திறந்தது.

2025 ஜூனில் அடுத்த வெற்றி. 2016க்குப் பிறகு ஆடியவர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு தரும் சமரசத்தை அதே நீதிபதி ஏற்றார். ஜூலை 1 முதல் ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பங்கு தரலாம் என்றும் ஆனது.

யாருக்கு லாபம்?

இதிலும் ஓட்டை உண்டு. இந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கே போகும். எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டு வீராங்கனைகள் சிலர் அப்பீல் போனார்கள். 2016க்கு முன்பு ஆடிய பழைய தலைமுறைக்கு இந்த இழப்பீட்டில் பங்கில்லை. புகழ் அரங்க சுவரில் தொங்கும் பலகைகளில் பெரும்பாலானவை அவர்களுடையதுதான்!

மாலை மரியாதை வேண்டாம் என்று எந்த வீரரும் சொல்லவில்லை. உழைத்த காலத்திலேயே கூலியைக் கொடுத்துவிட்டு மாலை போடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்கு கார் விற்றுக் கொண்டிருந்த ஒரு மனுஷன் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.